தேர்வாய் பஸ்ஸில் இரண்டு ஆள்

முதல் நாள் காலைப் பேப்பரிலேயே அந்தச் செய்தி இருந்தது. ஐந்தாம் பக்கம், கீழே, ஒற்றைப் பத்தி. செயலிகள் வழியாக வாடகைக் காரும் ஆட்டோவும் ஓட்டுகிறவர்கள் மறுநாள் முதல் வண்டி எடுக்கப் போவதில்லை, சென்னை மற்றும் புறநகர்ப் பகுதிகளில் சேவை பாதிக்கப்படும் என்று போட்டிருந்தது. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

இருபது வருடத்துக்கு மேல் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் உட்கார்ந்து பிரதி திருத்தியவன் நான். ‘சென்னை மற்றும் புறநகர்ப் பகுதிகளில்’ என்ற தொடரை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று சொல்ல முடியாது. எந்த ஊர் வரைக்கும் என்று நிருபர் சொல்லாமல் விட்டால் அதைப் போடுவோம். புறநகர் எங்கே முடிகிறது என்று யாரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை. எங்கள் வீடு ஆரம்பாக்கத்தில். இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா வந்துவிடும். புறநகர் எப்படியும் இதற்கு முன்னாலேயே எங்கோ முடிந்திருக்கும் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் என் மனைவி பத்து மணிக்குத் திருவள்ளூரில் இருந்தாக வேண்டும். அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. ஆறு வருடமாகப் பள்ளிப்பட்டு ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை. ஒரே மாவட்டம்தான். ஆனால் ஆரம்பாக்கம் அதன் கிழக்குக் கோடி, பள்ளிப்பட்டு மேற்குக் கோடி. தினமும் போய்வர முடியாது. அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை வந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவாள். அந்த வாரம் பள்ளி விடுமுறை, அதனால் வீட்டில் இருந்தாள். அந்த வருடம் இடமாறுதல் கலந்தாய்வில் கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் மூன்று இடம் காலி என்று பட்டியல் வந்தது. முன்னுரிமை வரிசையில் அவள் பதினோராவது. பெயர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். இருந்தால் வீட்டுக்கு வரலாம். இல்லாவிட்டால் மறுபடி பள்ளிப்பட்டு.

கார் முதல் நாள் மாலையே பதிவு செய்தாகிவிட்டது. ஆறரைக்கு வாசலில் வந்து நிற்கும் என்று செயலி உறுதி சொன்னது. அந்த ‘உறுதி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு குறி இருந்தது.

ஆறு இருபதுக்கு ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று செய்தி வந்தது. மறுபடி பதிந்தேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. வரைபடத்தில் மூன்று சிறிய கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. வண்டியே ஓடாத நாளில் அந்தக் கார்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒன்று நெடுஞ்சாலையில் இருந்தது. ஒன்று யாரோ ஒருவருடைய நெல்வயலில் இருந்தது. மூன்றாவது பழவேற்காடு ஏரிக்குள், கரையிலிருந்து நல்ல தூரத்தில், மூக்கை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. மனைவிக்குக் காட்டினேன்.

“இது எப்போ கரையேறி வரும்?” என்றாள்.

நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்டேஷனில் ரயில் ஊதும் சத்தம் கேட்டது. சென்னைக்குப் போகிற ரயில். அதற்கு அடுத்தது எட்டு மணிக்கு மேல்தான். வீட்டிலிருந்து ஸ்டேஷன் ஏழு நிமிட நடை. ஆறு இருபதுக்கே கிளம்பியிருந்தால் பிடித்திருக்கலாம். அப்போது எங்களுக்கு அது தோன்றவே இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்வரை ஏதோ ஒரு வண்டி வந்துகொண்டிருப்பதாகவே நினைத்திருந்தோம்.

ஆறே முக்காலுக்கு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். உள்ளே ஏற்கெனவே ஐந்து பேர். மனைவியின் கையில் சாப்பாட்டுப் பையும், கலந்தாய்வுக்கான பேப்பர்கள் இருந்த நீல பிளாஸ்டிக் ஃபைலும். நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு கால் வெளியே தொங்க உட்கார்ந்தேன். எந்த ஊர் என்று ஓட்டுநர் கேட்டார். திருவள்ளூர் என்றேன்.

“திருவள்ளூரா? இன்னா சார், இந்தக் கோடியில ஏறி அந்தக் கோடிய கேக்குறீங்க.”

“கார் சொல்லியிருந்தோம். வரல.”

“எப்டி வரும்? அவுங்கதான் ஸ்ட்ரைக்காச்சே. பேப்பர்ல போட்டுருக்காம், நீங்க பாக்கலியா?”

பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பின்னாலிருந்த ஒருவர், ரயிலில் சென்னை போய் மாறிப் போவதுதான் வழி என்றார். ஓட்டுநர் ஒத்துக்கொள்ளவில்லை. “மெட்ராசு போயி, அங்க வண்டி மாறி, திருவள்ளூர் போய்ச் சேர்றதுக்குள்ள ஆபீசுல சாப்பாட்டுக்கு எழுந்து போயிடுவான். நீங்க கும்முடிப்பூண்டில எறங்குங்க. கம்பெனி பஸ்ஸு தேர்வாய்க்குப் போய்க்கினே கீது. கைகாட்டுனா ஏத்திக்குவான். தேர்வாய் கூட்ரோட்ல எறங்கி ஊத்துக்கோட்ட பஸ்ஸப் புடிங்க. ஊத்துக்கோட்டைல ஏறுனா நேரா திருவள்ளூரு.”

“கம்பெனி பஸ்ஸுல நம்மள ஏத்துவாங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“யக்கா, எங்க ஊரு ஆளுங்க பாதி அதுலதான் போறாங்க. போற வழில கூட்ரோட்ல எறக்கி உட்ருவான். பேஜாரே கெடையாது.”

பேப்பரில் வேலை பார்த்தபோது தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டை பற்றி நிறைய செய்தி திருத்தியிருக்கிறேன். அடிக்கல் நாட்டியது, நிலம் கையகப்படுத்தியது, ஆலை திறந்தது. அங்கிருந்து ஊத்துக்கோட்டைக்கு பஸ் போகிறது என்பது எனக்குத் தெரியாது. அது செய்தியாக வந்ததில்லை.

கும்மிடிப்பூண்டி பைபாஸில் இறங்கியபோது ஏழு பத்து. சாலையோரத்தில் பத்துப் பதினைந்து பேர் போனைக் கையில் ஏந்திக்கொண்டு அங்கங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் நின்ற இடங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது, ஆனால் அது சாலையின் ஒழுங்கு இல்லை. ஒருவர் மூடிய டயர் கடை முன்னால். ஒரு பெண் தள்ளுபெட்டியோடு கால்வாய் ஓரம். கணினிப் பை மாட்டிய இரண்டு பேர் எந்த பஸ்ஸும் நிற்காத வளைவில். செயலி வரைபடத்தில் எங்கே புள்ளி குத்தியதோ அங்கேயே போய் நின்றிருந்தார்கள். புள்ளி இருந்தது, வண்டி இல்லை. ஷேர் ஆட்டோக்காரர்கள் அவர்களைத் தாண்டிப் போகும்போது வேகத்தைக் குறைத்துக் கத்தினார்கள்.

“போனப் பாத்தா வண்டி வராது சார். ரோட்டப் பாருங்க!”

“மேடம், அந்தப் பொட்டியத் தூக்கினு இப்டி முன்னாடி வாங்க. அங்க நின்னா மாடு கூட நிக்காது.”

தள்ளுபெட்டிப் பெண் சிரித்துவிட்டு முன்னால் வந்தார். மற்றவர்கள் போனையும் சாலையையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

சற்றுத் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க். அதற்கு இந்தப் பக்கம் நாற்பது பேர்போல வரிசையாக நின்றிருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை. கம்பெனி பஸ் இங்கேதான் நிற்கும் என்று தெரிந்தது. நாங்களும் வரிசையின் கடைசியில் நின்றோம். பங்குக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் வரிசை எதுவும் இல்லாமல் நின்றிருந்தார்கள். ஒருவரிடம் கீரைக்கட்டு, இன்னொருவரிடம் ஆட்டுக்குட்டி. அவர்கள் ஏன் அங்கே தனியாக நிற்கிறார்கள் என்று நான் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

பிறகு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பங்குக்கு இந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். அந்தப் பக்கம் வழியில் இறங்குகிறவர்கள். பஸ் முதலில் இந்தப் பக்கம் நின்று ஆள் ஏற்றி, தலை எண்ணி முடித்து, பிறகு அந்தப் பக்கம் ஒரு நிமிடம் நின்று மற்றவர்களைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஏற்றிக்கொள்ளும். அவர்கள் எண்ணிக்கையில் வரமாட்டார்கள். தொழிற்பேட்டைக்கு முன்னாலுள்ள கூட்டுரோட்டில் அவர்கள் இறங்கிவிட வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்த வழியில் போகிற எல்லோருக்கும் தெரியும்.

ஏழேகாலுக்கு பஸ் வந்தது. கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தாளில் ‘தேர்வாய்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. படிக்கட்டில் நீலச் சட்டை போட்ட மேற்பார்வையாளர் ஒருவர், கையில் அட்டையில் செருகிய தாளோடு நின்று, ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டார். எங்கள் முறை வந்தது.

“தேர்வாயா?”

“ஆமா,” என்றேன்.

“புதுசா?”

“ஆமா. இதுல போனதில்ல.”

அவர் பார்வை மனைவி கையிலிருந்த சாப்பாட்டுப் பைக்குப் போய், பிறகு நீல ஃபைலுக்கு வந்தது. “ஆதார் ஜெராக்ஸ், போட்டோ ரெண்டு, எல்லாம் எட்துக்கினு வந்தீங்களா?”

“எல்லாம் இருக்கு,” என்று மனைவி ஃபைலைத் தூக்கிக் காட்டினாள். உண்மைதான், எல்லாம் இருந்தன. கலந்தாய்வுக்கு ஆதார் நகலும் இரண்டு புகைப்படமும் கேட்டிருந்தார்கள்.

“ஏறுங்க, ஏறுங்க. ரெண்டு ஆளு கொறையுது, கரெக்டா வந்தீங்க.”

இரண்டு இடம் காலியாக இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். ஆதாரை ஏன் கேட்டார் என்று மனைவி மெதுவாகக் கேட்டாள். வேலைநிறுத்த நாள், வெளியாட்கள் ஏறுகிறார்கள், எச்சரிக்கையாக இருப்பார்கள் என்றேன். சொல்லும்போதே அது சரியாகப் படவில்லை. ஆனால் உட்கார இடம் கிடைத்துவிட்டது, பஸ்ஸும் கிளம்பிவிட்டது. பங்குக்கு அந்தப் பக்கம் நின்று, கீரைக்கட்டையும் ஆட்டுக்குட்டியையும் ஏற்றிக்கொண்டது.

பஸ்ஸுக்குள் யாரும் பேசவில்லை. பெண்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினார்கள். சிலர் காதில் ஒயர் மாட்டியிருந்தார்கள். கவரைப்பேட்டை தாண்டி மேற்கே திரும்பியதும் இரண்டு பக்கமும் ஏரியும் வயலும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏழே முக்காலுக்குக் கூட்டுரோடு, எட்டே காலுக்கு ஊத்துக்கோட்டை, ஒன்பதரைக்குத் திருவள்ளூர். கணக்கு நன்றாகத்தான் வந்தது.

கூட்டுரோட்டில் பஸ் நின்றது. கீரைக்கட்டும் ஆட்டுக்குட்டியும் இறங்கிப் போயின. நாங்கள் எழுந்தோம்.

“உக்காருங்க, உக்காருங்க, இன்னும் வரல,” என்று மேற்பார்வையாளர் முன்னாலிருந்து கையசைத்தார். உட்கார்ந்துவிட்டோம். அவருக்குத் தெரியாதா என்று நினைத்தோம். இதை நான் இன்றும் மனைவியிடம் விளக்க முயன்று தோற்றுப் போகிறேன். ஒருவர் கையில் அட்டையும் தாளும் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னால் நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

மனைவிக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெண் அப்போது விழித்துக்கொண்டாள். இருபத்தைந்து வயது இருக்கும்.

“புதுசா யக்கா? இதுக்கு முன்னாடி எங்க வேல செஞ்சீங்க?”

“நான் டீச்சர்மா. பள்ளிப்பட்டுல.”

அந்தப் பெண் காதிலிருந்து ஒயரை எடுத்தாள். “டீச்சரா? இன்னா யக்கா, ஸ்கூல் வேலைய உட்டுட்டா ஹவுஸ்கீப்பிங்குக்கு வர்றீங்க? ஊட்ல எதுனா பிரச்சனையா?”

நான் எழுந்து நின்றேன். அதற்குள் பஸ் ஒரு பெரிய கேட்டுக்குள் திரும்பிவிட்டிருந்தது. பின்னால் கேட் சறுக்கி மூடிக்கொண்டது. காவலாளி ஒருவர் ஏறி, ஒவ்வொரு இருக்கையின் தலைப்பக்கமும் தட்டிக்கொண்டே எண்ணினார். என் தோளுக்குப் பக்கத்திலும் ஒரு தட்டு. “நாப்பத்திரெண்டு,” என்று சொல்லி எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மேற்பார்வையாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. மனைவி ஃபைலைத் திறந்து கலந்தாய்வு அழைப்பைக் காட்டியதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“யோவ் சார், முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?”

“நீங்க கேக்கல.”

“ஆதார் கீதான்னு கேட்டேன்ல? வரிசைல நின்னீங்கல்ல? லஞ்சு பையோட வந்தீங்கல்ல? இதுக்கு மேல இன்னா சார் கேக்கறது? காண்ட்ராக்டரு ரெண்டு பேர அனுப்பறேன்னாரு, ரெண்டு பேரு நின்னீங்க. கூட்ரோட்டுக்குப் போறவன் பங்குக்கு அந்தாண்ட நிக்கணும்னு கூடவா தெரியாது?”

தெரியாது என்றேன். அவர் என் சட்டையை, செருப்பை, மூக்குக் கண்ணாடியைப் பார்த்தார். பேப்பர் படிக்கிறவர் மாதிரி இருக்கிறீர்கள், இதுகூடத் தெரியவில்லையே என்று அந்தப் பார்வைக்கு நான் அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

காவலாளி அறைக்குப் போனோம். அவர் மரியாதையாகத்தான் பேசினார். உள்ளே நாற்பத்திரண்டு தலை என்று எழுதியாகிவிட்டது. தனியாக நடந்து வெளியே போக வேண்டுமானால் மேலாளர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். மேலாளர் ஒன்பது மணிக்கு வருவார். அதுவரை உட்கார ஒரு பெஞ்சு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இருக்கிறது.

“ஒம்போது மணிக்கு மேல இங்கேர்ந்து கிளம்புனா பதினோரு மணிக்குத்தான் போய்ச் சேருவேன்,” என்று மனைவி சொன்னாள். அவள் குரல் உயரவில்லை. “பத்து மணிக்குப் பேர் கூப்பிட ஆரம்பிச்சிடுவாங்க. ஆறு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன் சார்.”

“எனக்குப் புரியுது மேடம். உங்களத் தனியா வெளிய உட்டா என் தலை உருளும். உள்ள வந்த தலைக்கும் வெளிய போன தலைக்கும் கணக்கு டேலி ஆவணும். எனக்கு அவ்ளோதான்.”

மேற்பார்வையாளர் தன் தாளில் எதையோ எண்ணிப் பார்த்தார். பிறகு காவலாளியைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். நான் கேட்ட வரையில் விஷயம் இதுதான். முதல் ஷிப்டுக்கு இரண்டு பேர் குறைகிறார்கள். அதனால் நள்ளிரவு ஷிப்டு முடிந்து போகிறவர்களில் இரண்டு பேரை நிறுத்திக்கொள்ளப் போகிறார்கள். அவர்கள் எட்டே காலுக்குக் கிளம்பும் ஊத்துக்கோட்டை பஸ்ஸில் போக வேண்டியவர்கள். அதில் இரண்டு இடம் காலியாகும். நாங்கள் அதில் உட்கார்ந்தால் வெளியே போகிற கணக்குச் சரியாக வரும்.

“அப்ப ரெண்டு பேரு உள்ள கூடுவாங்களே?” என்றார் காவலாளி.

“எங்க கூடுது? நாப்பத்திரெண்டுக்கு வேல செய்ய நாப்பத்திரெண்டு உள்ள கீது. போதுமா?”

காவலாளி விரல் விட்டு எண்ணினார். சரி என்றார். நானும் எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இருந்தும் ஏதோ இடித்தது.

ஊத்துக்கோட்டை பஸ் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேற்பார்வையாளர் படியேறி இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருத்தி இளம்பெண், முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனாள். இன்னொருவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்களைக் கடந்து போகும்போது நின்றார்.

“உங்களுக்குத்தானா?” என்று மனைவியைக் கேட்டார்.

“எங்களால இல்லம்மா, ஆள் கொறையுதுன்னு...” என்று மனைவி ஆரம்பித்தாள்.

“சரி, உக்காரு. ஜன்னல் சீட்டு. நான் இன்னும் நாஷ்டா கூட துன்னல,” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார். கோபமாகச் சொன்னாரா, தகவலாகச் சொன்னாரா என்பது முகத்தில் தெரியவில்லை. மனைவி சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாக நீட்டினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அல்லது பார்க்காத மாதிரி போனார். நாங்கள் அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறாமல் இருந்திருந்தாலும் இரண்டு பேர் குறைந்துதான் இருப்பார்கள், அவர் நின்றுதான் இருப்பார். அப்படித்தான் நான் மனைவியிடம் சொன்னேன். இருக்கையில் இன்னும் அவர் உட்கார்ந்திருந்த சூடு இருந்தது. மனைவி ஊத்துக்கோட்டை வரும்வரை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஊத்துக்கோட்டையில் எட்டே முக்கால். திருவள்ளூர் பஸ் உடனே கிடைத்தது. வழியெல்லாம் நின்று நின்று போய்ப் பத்தே காலுக்குத் திருவள்ளூரில் இறக்கிவிட்டது. கலந்தாய்வு நடக்கும் பள்ளி அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். மற்ற நாட்களில் போனில் அழுத்தினால் ஆட்டோ வந்துவிடும். அன்று ஸ்டாண்டில் ஆட்டோக்கள் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டுக்குப் போகிறவர்களும் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர்களும் ஒரே வண்டியில் அடைந்து, யாரை முதலில் இறக்குவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்தோம். மனைவி எனக்கு முன்னால் நடந்தாள். பத்து நாற்பதுக்கு வாசலை அடைந்தபோது உள்ளே ஒலிபெருக்கியில் பதினாறாவது பெயரைக் கூப்பிட்டார்கள்.

வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த எழுத்தர் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு சுழி போட்டிருந்தார்.

“மூணு தடவ கூப்ட்டோம் டீச்சர்.”

“கார் வரல சார்.”

“யாருக்குமே வரல. உக்காருங்க. வராதவங்கள கடைசில கூப்டுவாங்க. மிச்சம் இருந்தா எடுத்துக்கலாம்.”

மண்டபத்தின் பின்வரிசையில் அப்படி ஐந்து பேர். பொன்னேரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சர், தன் வகுப்புப் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு அவருடைய பைக்கில் வந்திருந்தார். முடியெல்லாம் தூசி. இன்னொருவர் பால் வண்டியில் பாதி தூரம் வந்து, மீதியை எப்படி வந்தார் என்பதைச் சொல்ல மறுத்துவிட்டார். எளாவூரிலிருந்து வந்த ஒருவர் முன்வரிசையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் வீட்டிலிருந்து சத்தம் கேட்ட அதே ரயிலில் ஏறி, சென்னையில் மாறி, ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டாராம். மனைவி அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். சொன்னபிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் துணைக்கு வந்தவன் என்பதால் மண்டபத்துக்குள் இடமில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றேன்.

முன்னால் ஒரு திரை. காலியிடங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒருவர் ஒரு பள்ளியைச் சொன்னதும் அந்த வரி மறையும். கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் மூன்று வரி இருந்ததில், நாங்கள் வந்தபோது இரண்டு. டவுனில் இருந்த பள்ளிதான் மனைவி மனதில் வைத்திருந்தது. இருபத்து மூன்றாவதாகப் போனவர் அதை எடுத்துவிட்டார். அந்த வரி மறைந்தபோது அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். நான் கையை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு மணிக்கு மேல் வராதவர்களைக் கூப்பிட்டார்கள். அவள்தான் முதல். எழுந்து முன்னால் போனாள். திரையில் எட்டுப் பத்து வரி இருந்தது. பெரும்பாலும் மேற்குப் பக்கத்து ஒன்றியங்கள். கும்மிடிப்பூண்டி என்று ஒன்றே ஒன்று. ஏதோ ஒரு கண்டிகை. அந்தப் பக்கத்தில் கண்டிகை என்று முடிகிற ஊர்கள் நிறைய. எதற்கு எதிரே எது, எது ஏரிக்கு இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று உள்ளூர்க்காரர்களுக்கே தகராறு வரும். இந்தக் கண்டிகையை நாங்கள் இருவரும் கேள்விப்பட்டதில்லை.

“எடுக்கறீங்களா டீச்சர்?” என்று அலுவலர் கேட்டார்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. எங்க இருக்கு?

இந்த மாவட்டத்தின் ஊர்ப்பெயர்களை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவதுதான் இருபது வருடம் என் வேலை. எங்கே இருக்கிறது என்பது வேறு விஷயம். வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டரா, நாற்பது கிலோமீட்டரா, பஸ் போகுமா, போகாதா, எதுவும் தெரியவில்லை. பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள்.

“டீச்சர், இதுக்கு மேல நேரம் குடுக்க முடியாது.”

நான் தலையை ஆட்டினேன்.

அவள் கையெழுத்துப் போட்டாள். அந்த வரி மறைந்தது.

ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வர மூன்று மணி ஆகிவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்து பையைப் பிரித்துச் சாப்பிட்டோம். தயிர்சாதம் புளித்திருந்தது.

“எந்தப் பக்கம்னு தெரிஞ்சுதானே தலையாட்டினீங்க?” என்றாள்.

“இல்ல.”

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு ஆணையை எடுத்து ஊர்ப் பெயரை மறுபடி படித்தாள். போனில் தேடிப் பார்த்தேன். அதே பெயரில் இரண்டு ஊர்களைக் காட்டியது. ஒன்று ஆந்திராவில்.

பஸ் ஸ்டாண்டில் விசாரணை அறையில் கேட்டோம். உள்ளே இருந்தவர், ஊத்துக்கோட்டை போய் அங்கே கேளுங்கள் என்றார். டீக்கடைக்காரர், கவரைப்பேட்டை வழியாகப் போனால் கிட்டே, ஆனால் பஸ் இல்லை என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், “அந்தக் கண்டிகையா நைனா? நான் அங்கதான் பொண்ணு குடுத்திருந்தேன்,” என்று ஆரம்பித்து, மாப்பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். வழியைச் சொல்வதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்.

“திங்கக்கிழமை ஜாயின் பண்ணணும்,” என்றாள் மனைவி. “பள்ளிப்பட்டு ரூம காலி பண்ணணும்னு ஓனருக்குச் சொல்லணும்.” அதைச் சொன்ன பிறகு, ஆறு வருடத்தில் முதல் தடவையாக, அன்றைக்கு என்ன கிழமை என்று என்னைக் கேட்டாள். வியாழன் என்றேன். “அப்ப ஞாயித்துக்கிழமை நான் கிளம்ப வேண்டியதில்ல,” என்றாள். அதைக் கேள்வி மாதிரிதான் சொன்னாள். சொல்லிவிட்டு, ஊத்துக்கோட்டை பஸ்ஸின் கண்டக்டரிடம் ஆணையை நீட்டி, இந்த ஊருக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கேட்கப் போய்விட்டாள்.